ஓய்வில் இருக்கும் குதிரை

தோல்பைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு மயிர்க்கற்றை புதிதாகக் கிடந்ததைப் பார்த்ததும், கொதிக்கிற தேநீரில் உப்புப் போட்டேனா இல்லையா என்பது எனக்கு மறந்துபோயிற்று. இன்னொரு முறை போட்டேன்.

அந்தப் பை எங்கள் கூடாரத்தின் வடக்குப் பக்கம், கூரைக் கழியில் தொங்கும். விற்பதற்கோ வெட்டுவதற்கோ ஒரு பிராணி வீட்டைவிட்டுப் போகிறதென்றால், அதற்கு முன் அதன் பிடரியிலிருந்து கொஞ்சம் மயிரைக் கத்தரித்துப் பையில் போட்டுவைப்போம்; தானாகச் செத்ததற்கும் வாலிலிருந்தாவது கொஞ்சம் எடுத்துவைப்போம். பிராணி போனாலும் அது கொண்டுவந்த பாக்கியம் வீட்டிலேயே தங்கவேண்டும். ஒருமுறை பைக்குள் போனது மறுபடி வெளியே வராது.

முந்தின நாள் மாலை செத்த பசுவின் வால் மயிரைப் போடத்தான் நான் அன்று காலை பையைத் திறந்தேன். உள்ளே சாம்பலின் மயிர். சாம்பல் என்பது என் குதிரை. அவள் செத்துப்போகவில்லை. சற்று முன்புதான் கூடாரத்துக்கு வெளியே அவள் செருமியது என் காதில் விழுந்தது. உயிரோடு இருக்கிறவளின் மயிர் பைக்குள் இருக்கிறதென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் கணவர் சோத்னோம் அவளை விற்க முடிவு செய்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை.

நான் பையைக் கட்டினேன். தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி இரண்டு கைகளாலும் பிடித்து அவரிடம் நீட்டினேன். அவர் ஒரு வாய் குடித்தார். முகம் லேசாகச் சுருங்கியது. இன்னொரு வாய் குடித்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

நானும் குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை. இருவரும் குடித்து முடித்தோம்.

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் எனக்கு எதுவும் வந்துகொண்டிருக்கவில்லை. காலையில் எழுந்து, இரவில் விறைத்துப்போன ஆடுகளை இழுத்து ஒருபக்கமாக அடுக்குவேன். பிறகு சாணத்தைப் போட்டு அடுப்பு மூட்டுவேன். செத்த ஆட்டின் காலைப் பிடித்த கைதான், கழுவிவிட்டு மாவு பிசையும். முதல் சில நாட்கள் மாவில் வைப்பதற்கு முன் கையை முகர்ந்து பார்ப்பேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

இலையுதிர்கால முடிவில் பெய்யக்கூடாத மழை பெய்தது. அன்றே உறைந்தது. அதன்மேல் பனி விழுந்தது. எங்கள் குதிரைகளுக்கு யாரும் தீவனம் போடுவதில்லை. முன்னங்குளம்பால் பனியைக் கிளறி அடியில் இருக்கும் புல்லைத் தாங்களே தின்றுகொள்ளும். ஆனால் பனிக்கடியில் ஐஸ் பாளமாக இருந்தால் குளம்பு என்ன செய்யும்? மேய்ச்சலை மூடி மந்தையையே கொல்கிற இந்தக் குளிர்காலத்தை இரும்பு ஜூத் என்போம். குளம்புகளில் ரத்தம் கசியக் கசியத் தட்டிப் பார்த்துவிட்டு, குதிரைகள் ஒன்றின் வாலை ஒன்று மெல்லத் தொடங்கின.

புல் வாங்கியிருக்கலாம். அறுவடைக் காலத்தில் கிழக்கேயிருந்து தவாஜாவ் லாரி நிறையக் கட்டுகளோடு வந்தான். அப்போது ஒரு ஆட்டைக் கொடுத்தால் பத்துக் கட்டு இறக்குவான். செம்மறிகளுக்கும் கன்றுகளுக்கும் வேண்டியதை வாங்கினோம். குதிரைகளுக்கும் கொஞ்சம் எடுத்துப் போடலாமே என்று நான்தான் கேட்டேன்.

"வாய மூடு யாஞ்மா" என்று சோத்னோம் பதறினார். "குதிரைக்குப் புல் அடுக்கறவன் ஜூத்தைக் கையப் புடிச்சு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றவன். நல்ல வார்த்தை பேசு."

அவர் கஞ்சத்தனத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான். கெட்டது வரும் என்று வாயால் சொன்னால் அது முகவரி கேட்டுக்கொண்டு வந்துவிடும். அந்த வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவர்கூடக் குதிரைக்குப் புல் வாங்கவில்லை. எல்லோரும் நல்ல வார்த்தையே பேசினோம்.

வாயைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு முறை தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். பிறகு போகவில்லை. சூல் பிடிக்காத மாட்டுக்கும் குதிரைக்கும் எங்கள் பேச்சில் ஒரு சொல் உண்டு. மலடு. மேய்ச்சல்காரர்கள் நாளுக்குப் பத்து முறை சொல்கிற சாதாரணச் சொல். சோத்னோம் மட்டும் அதை என் முன்னால் ஒருபோதும் சொன்னதில்லை. "அந்தச் செவலைப் பசு இந்த வருஷம் ஓய்வுல இருக்கு" என்பார். கூட இருக்கிற ஆண்கள் சிரிப்பார்கள். "உங்க மாடெல்லாம் அரசாங்க உத்தியோகமா அண்ணே, ஓய்வெடுக்குது?" என்று கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த முறையும் அப்படியே சொல்வார்.

சாம்பல் அந்த வருடம் ஓய்வில் இருந்தாள். வயிற்றிலும் குட்டி இல்லை, மடியிலும் குட்டி இல்லை. அதனால் மற்ற குதிரைகளின் விலா எலும்பை எண்ணலாம் என்றிருந்தபோதும் அவள் முதுகில் மட்டும் கொழுப்பு இருந்தது. யாராக இருந்தாலும் அவளைத்தான் விற்பார்கள். நானாக இருந்தாலும்.

மயிரைப் பார்த்த மறுநாள் தவாஜாவின் லாரி வந்தது. அதற்கு முன்னால்தான் ஒரு புல்டோசர் பாதையைக் கிழித்துவிட்டுப் போயிருந்தது. லாரியின் சத்தம் கேட்டபோது சோத்னோம் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தவாஜாவ் அவரோடு உள்ளே வந்தான். உதடு வெடித்திருந்தது. புருவத்தில் பனி.

"குளிர்காலம் நல்லா போகுதா அண்ணே? அண்ணி?"

"நல்லா போகுது" என்றார் சோத்னோம். வாசலுக்கு வெளியே செத்த ஆடுகள் விறகுபோல அடுக்கியிருந்தன. தவாஜாவ் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தான். ஆனாலும் கேள்வி அதுதான், பதிலும் அதுதான். "உனக்குப் பயணம் நல்லா இருந்துதா?"

"ரொம்ப நல்லா இருந்துது. ரெண்டு தடவ லாரி பள்ளத்துல எறங்குச்சு. ஒரு ராத்திரி டயர எரிச்சுக் குளிர் காஞ்சோம்." மூக்குப்பொடிக் குப்பியை மரியாதையாக இரு கையால் நீட்டினான். "அண்ணி, தேநீர் குடுங்க. சூடா. உள்ள இருக்கற ஈரலே கல்லாப் போச்சு."

நான் ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திரும்ப நீட்டினான்.

"எல்லாருக்கும் சொன்னதத்தான் உங்களுக்கும் சொல்றேன் அண்ணே. ஆடு வேணாம். ஆடுன்னு பேரு, தோலுக்குள்ள எலும்பு. டவுன்ல நாய்கூடத் திரும்பிப் பாக்காது. சதை இருக்கறதாக் குடுங்க. லாரில பாதி இங்கயே எறக்கறேன்."

"போன தடவ ஒரு ஆட்டுக்குப் பத்துக் கட்டு குடுத்த" என்றார் சோத்னோம்.

"போன தடவ நான் சிரிச்சுக்கிட்டே வந்தேன், நீங்க சிரிச்சுக்கிட்டே குதிரைக்கு வேணாம்னீங்க." அவன் குரலில் குத்தல் இல்லை. களைப்புதான் இருந்தது. "கிழக்கேயும் புல் தீந்துபோச்சு. எல்லையத் தாண்டிப் போய் வாங்கிட்டு வரேன். டீசல் வெலையச் சொன்னா அண்ணி அழுதுருவாங்க."

நான் அழமாட்டேன் என்று நினைத்தபடி அவன் கிண்ணத்தை நிரப்பினேன்.

"வரும்போது பாத்தேன், வெளிய ஒரு சாம்பல் நிக்குதே. மலடுதானே அது? முதுகப் பாத்தாலே தெரியுது. மலட்டுக்குதிர ஒண்ணு இருந்தா அந்த வீட்டுக்குப் பஞ்சமே இல்ல அண்ணே, நடக்கற கொழுப்பு…"

சோத்னோம் கிண்ணத்தைப் பலகைமேல் வைத்தார். சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

"அது இந்த வருஷம் ஓய்வுல இருக்கு" என்றார்.

தவாஜாவ் அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். காது நுனி சிவந்துவிட்டது. குளிரில் அது ஏற்கெனவே சிவந்துதான் இருந்தது, இன்னும் சிவந்தது. "ஆமாமா. ஓய்வு. ஓய்வுல இருக்கற குதிர" என்று தேநீருக்குள் முணுமுணுத்தான்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சொல் என்மேல் விழுந்து, பனிமேல் விழுந்த கல்போல அங்கேயே உட்கார்ந்துகொண்டது. நான் எழுந்து அங்கியின் இடுப்புக் கச்சையை இறுக்கினேன்.

"நான் போய்ப் புடிச்சிட்டு வரேன். உங்ககிட்ட வரமாட்டா" என்றேன்.

சோத்னோம் தலைநிமிர்ந்தார். "யாஞ்மா…"

"பையப் பாத்தேன்."

அவர் தலை மறுபடி குனிந்தது.

சாம்பல், நான் கல்யாணமாகி ஏறிவந்த குதிரையின் மகள். மூன்று குளிர்காலத்துக்கு முன் ஓநாய் அவள் பின்னந்தொடையைக் கிழித்துவிட்டது. நடக்க முடியாமல் கிடந்தவளைக் கூடாரத்துக்குப் பின்னால் தடுப்புக் கட்டி வைத்து, கன்றுகளுக்கு என்று வாங்கிய புல்லில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து என் கையாலேயே ஊட்டினேன். முதலில் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். புல்லை என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, கையை நக்கக் கொடுத்து, மெல்ல மெல்லப் பழக்கினேன். சோத்னோம் அப்போது கேலி செய்தார். "குதிரைக்கு ஊட்டிவிடறவளப் பாத்ததுண்டா? அடுத்து கரண்டியும் கிண்ணமும் வைப்பா போல." ஆனால் யாரும் பார்க்காதபோது அவரும் ஒரு கட்டுப் புல்லை அங்கே போட்டுவிட்டுப் போவார்.

"குரூய், குரூய்" என்று கூப்பிட்டேன். கூட்டத்தின் முன்னால் நின்றிருந்தவள் பனியில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தாள். பொலிகுதிரை இருந்தாலும் அந்தக் கூட்டத்தை நடத்துகிறவள் அவள்தான். அவள் தண்ணீருக்கு இறங்கினால் மற்றவை இறங்கும், அவள் நின்றால் நிற்கும். அவள் இரண்டாவதாகப் போட்ட குட்டி, நெற்றியில் வெள்ளை விழுந்த இளங்குதிரை, பாதி தூரம் கூடவே வந்து நின்றுகொண்டது.

லாரிப் பலகையில் ஏறும்வரை நான் கடிவாளக் கயிற்றைப் பிடித்திருந்தேன். ஏறியதும் கழற்றிக்கொண்டேன். குதிரையை விற்கலாம், கயிற்றைக் கொடுக்கக்கூடாது. வழக்கப்படி அவள் மூக்கையும் வாயையும் என் அங்கிக் கைநுனியால் துடைத்தேன். மூச்சின் ஈரம் துணியில் பட்டவுடன் உறைந்தது. அவள் என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். அதில் புல் இல்லை.

தவாஜாவ் கட்டுகளை இறக்கினான். சொன்னதற்குமேல் மூன்று கட்டு கூட வைத்தான். "அண்ணி, என் வாய்…" என்று ஆரம்பித்தான்.

"பாத்துப் போ" என்றேன். "குளிர்காலம் நல்லா போகட்டும்."

லாரி போனபின் சோத்னோம் கட்டுகளைப் பிரித்துப் பனிமேல் பரப்பினார். நுனியில் சுருக்குக் கயிறு கட்டிய நீளக் கோலோடு குதிரைகளை வளைத்து ஓட்டிவந்தார். அவை வந்தன. தூரத்திலேயே நின்றன. அந்தப் புல்லில் டீசல் வாடை அடித்தது. கட்டுகள் நீலப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தன, அதன் துண்டுகள் காற்றில் படபடத்தன. பொலிகுதிரை ஒருமுறை முன்னால் வந்து முகர்ந்து, பலமாகச் சீறிவிட்டுப் பின்வாங்கியது. மற்றவை அதற்குப் பின்னால் ஒதுங்கின. பிறகு எல்லாமாக, யாரையோ எதிர்பார்ப்பதுபோல, லாரி போன பாதையைப் பார்த்து நின்றன.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

"திங்கும். பசி வந்தா திங்கும்" என்றார்.

மாலைவரை தின்னவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். புல் அப்படியே கிடந்தது, மேலே பனிப்பூச்சு. ஒரு கிழட்டுக் குதிரை படுத்துவிட்டது. குதிரை படுத்தால் எழுப்புவது கஷ்டம். நெற்றிவெள்ளையின் வாலை மற்றவை மென்று மென்று மொட்டையாக்கியிருந்தன. வாலைத் தின்கிறவை, பத்தடி தூரத்தில் கிடந்த புல்லைத் தின்னவில்லை.

சோத்னோம் புல்லில் ஒரு கை எடுத்து நெற்றிவெள்ளையிடம் போனார். அது விலகியது. "இந்தா" என்றார். இன்னும் விலகியது. "இந்தா தாயே, இந்தா, திங்கேன்." புல்லைக் கீழே போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ இருந்தா தின்னு காட்டியிருப்பா" என்றார். "அவ ஒருத்திக்குத்தான் புல்லுன்னா என்னன்னு தெரியும். அவளக் குடுத்து இந்தப் புல்ல வாங்கியிருக்கேன். உலகத்துல எந்த முட்டாளாவது இப்படி ஒரு வியாபாரம் பண்ணியிருப்பானா, யாஞ்மா?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். நாங்கள் புல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தோம். மெத்தென்றுதான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து கூடாரத்துக்குள் போனார். வெளியே வந்தபோது கையை மூடியிருந்தார். என் முன்னால் விரித்தார். சாம்பல் நிற மயிர்க்கற்றை.

"பையில போட்டதை எடுக்கக்கூடாது" என்றேன்.

"தெரியும்."

"வீட்டுப் பாக்கியம் போயிரும்னு உங்க வாயால எத்தன தடவ…"

"தெரியும்டி. பாக்கியம் அங்க படுத்திருக்கு, பாரு." படுத்துக் கிடந்த கிழட்டுக் குதிரையைக் காட்டினார். "உன்கிட்டதான் அவ வந்தா. உன் கைதான் அவளுக்குப் புல்லு காமிச்சுது. இதையும் நீயே செய்."

கையுறையைக் கழற்றினேன். மயிரைப் பிரித்துப் புல்லோடு சேர்த்து உள்ளங்கைகளுக்கு நடுவில் தேய்த்தேன். அவள் மூக்கைத் துடைத்த அங்கிக் கைநுனியையும் புல்மேல் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். நீலக் கயிற்றுத் துண்டுகளையெல்லாம் பொறுக்கச் சொன்னேன். அவர் குழந்தைபோலக் குனிந்து குனிந்து பொறுக்கினார். பிறகு அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, காற்று என்னைத் தாண்டிக் குதிரைகள் பக்கம் வீசுகிற இடத்தில் போய் முழங்காலிட்டேன்.

"குரூய், குரூய்."

நெற்றிவெள்ளை காதை நிமிர்த்தியது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. கை விரல்கள் முதலில் வலித்தன, பிறகு வலிக்கவில்லை. என் மனதுபோலவே அவையும் ஆகிவிட்டன என்று நினைத்துக்கொண்டேன். நெற்றிவெள்ளை ஒரு அடி வைத்தது. நின்றது. பொலிகுதிரை செருமியது. இன்னொரு அடி. தன் தாயைப்போலவே அதுவும் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்தது. பின்னால் கூட்டமும் ஓரடி நகர்ந்தது.

அது என் கைநுனியை முகர்ந்தது. நீண்ட நேரம் முகர்ந்தது. மூக்குத்துளைகள் விரிந்து விரிந்து மூடின. பிறகு என் உள்ளங்கையிலிருந்த புல்லை உதட்டால் தொட்டு, அதில் ஒரு தாளை மட்டும் இழுத்தது. மென்றது. துப்பிவிடுமோ என்று பார்த்தேன். துப்பவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்தது. அந்த வாயோடு மயிரும் சேர்ந்து உள்ளே போனது.

தாயின் வாசனைக்காகத் தின்றதா, பசிக்காகத்தான் தின்றதா, எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. நெற்றிவெள்ளை தலையைத் தாழ்த்திப் பரப்பியிருந்த புல்லில் வாய் வைத்தது. அதைப் பார்த்து ஒரு செவலை வந்தது. அப்புறம் இன்னொன்று. பொலிகுதிரை எல்லோருக்கும் கடைசியில், தான் ஒன்றும் பின்வாங்கவேயில்லை என்பதுபோல வந்தது.

"ஒரேயடியாப் போடாதீங்க" என்றேன். "வெறும் வயிறு. நெறையத் தின்னா விழுந்துரும்."

சோத்னோம் படுத்திருந்த கிழட்டுக் குதிரையின் வாய்க்கருகே ஒரு கை புல்லை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். வெளுத்துப்போயிருந்தன. தன் அங்கிக்குள், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"முன்னாடியே உன்கிட்டச் சொல்லியிருக்கணும்" என்றார்.

"என்னன்னு சொல்லியிருப்பீங்க?"

அவர் என் கைகளை அங்கிக்குள் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"தவாஜாவ் சொன்னானே, அந்தச் சொல்லு. நீங்களும் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் ஆகல."

"அவன் வேற ஆளு."

"சும்மா சொல்லிப் பாருங்க. ஒரு தடவ."

தலையை ஆட்டி மறுத்தார். கண்ணோரம் ஈரம் ஐஸாகியிருந்தது. "பதினாறு வருஷமா வாயில வராதது, இப்ப மட்டும் வருமா? போடி."

அப்போதுதான் என் விரல்களுக்குச் சூடு ஏறத் தொடங்கியது. உறைந்த விரலுக்கு ரத்தம் திரும்பும்போது உண்டாகும் வலி தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஊசியால் குத்துவதுபோல் ஆரம்பித்து, பிறகு நெருப்பில் பிடித்ததுபோல ஆகும். நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்றேன்.

"இரு, கொஞ்ச நேரம்."

நின்றோம். குதிரைகள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. கிழட்டுக் குதிரை கழுத்தை நீட்டி, வாய்க்கருகே இருந்த புல்லை முகர்ந்துகொண்டிருந்தது.